பிறந்த வீடு, மேலூர் ரோடு

காந்தி மார்க்கெட்,
18 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

நீ போனை எடுப்பதில்லை. வாட்ஸப்பில் நான் அனுப்புவதைப் படிக்கிறாய் என்று நீலக் குறி காட்டிக்கொடுக்கிறது, பதில் மட்டும் வருவதில்லை. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. படித்தாயா, கிழித்தாயா என்று எனக்குத் தெரியாமல் இருப்பது இருவருக்கும் நல்லது.

பொங்கல் சீர் வந்து சேர்ந்தது. மாமா கரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தார். "ஒங்க அக்கா பேச மாட்டேன்னுதான் சொல்லியிருக்கா. கரும்பு அனுப்ப மாட்டேன்னு சொல்லலை" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே மூச்சு வாங்கியது. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். இந்தப் படியைப் பற்றி நான் சொன்னால் நீ நம்ப மாட்டாய். அவரையாவது கேள்.

ஸ்கேன் பார்த்த அன்று நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். நஞ்சுக்கொடி கீழ்ப்பக்கமாக, கர்ப்பப்பையின் வாயை ஒட்டி இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். போகப்போக மேலே ஏறிவிடலாம், ஏறாமலும் போகலாம். "படி ஏறி இறங்குறத விட்ருங்க. ரத்தம் தெரிஞ்சா யோசிக்காம கிளம்பி வரணும். ஒங்க வீட்டுலேர்ந்து அப்படி வர முடியுமா?" என்று அவர் கேட்டபோது நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

முடியாது என்பதுதான் பதில். காலை நேரத்தில் எங்கள் படியின் வாசலை வெங்காய மூட்டைகள் அடைத்திருக்கும். லாரிகள் சரக்கு இறக்கி நகரும்வரை தெருவுக்குள் ஆட்டோகூட வராது. இவர் மண்டியில் கணக்கு எழுதுவதால்தான் இங்கே குடியிருக்கிறோம். இத்தனை நாள் அது வசதியாக இருந்தது. இப்போது இல்லை.

ஸ்ரீரங்கத்தில், மேலூர் ரோட்டுப் பக்கம் ஒரு தரைவீடு கிடைத்திருக்கிறது. வாசல்வரை கார் வரும். பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில். அன்று நீ ஆட்டோவை விட்டு இறங்கியதும் சொன்னதை நான் மறக்கவில்லை. "பிள்ளத்தாச்சி வீடு மாறக் கூடாது. மாறினா என்கூடப் பேசாத." நான் மாறத்தான் போகிறேன் அக்கா. நீ வந்து பால் காய்ச்ச வேண்டும் என்பது என் ஆசை.

அனுசுயா

•

கைலாசபுரம்,
23 ஜனவரி 2025

அன்புள்ள அனுசுயாவுக்கு,

கிழிக்கவில்லை. மூன்று முறை படித்தேன்.

நான் ஏதோ படிக்காத பெண்ணைப் போலப் பேசுவதாக நீ நினைக்கலாம். விலங்கியல் படித்தவள் நான். கோழிக் கருவின் வளர்ச்சியைப் பக்கம் பக்கமாக வரைந்திருக்கிறேன். வீட்டை மாற்றினால் கரு கலையும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பயமாக இருக்கிறது. இதை உன்னிடம் சொல்லும்போது எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது, அதனால்தான் அன்று கோபமாகச் சொன்னேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் உறையூரிலிருந்து இப்போதிருக்கும் மாடிக்கு நீங்கள் வந்தீர்கள். அப்போது உனக்கு மூன்றாம் மாதம். வந்த வாரமே அது போயிற்று. நான் ஓடிவந்தபோது சாமான்கள்கூடப் பிரிக்கப்படாமல் கிடந்தன. அம்மா அந்த மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, "மாறியிருக்கக் கூடாதுடி, மாறியிருக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. அந்தக் குரல் மட்டும் போகவில்லை.

இப்போது உனக்கு நாற்பது வயது. இதற்கு மேல் ஒரு வாய்ப்பு வருமா என்று நீயும் நினைப்பாய், வாயைத் திறந்து சொல்ல மாட்டாய். பிரசவம்வரை படுத்தே இரு. சாப்பாடு நான் கொடுத்தனுப்புகிறேன். வீடு மாறாதே.

விஜயராணி

•

காந்தி மார்க்கெட்,
28 ஜனவரி 2025

அக்கா,

அம்மா சொன்னதை நானும் கேட்டேன். படுத்திருந்தேன், ஆனால் தூங்கவில்லை.

மாதப் பரிசோதனைக்கு ஒரு முறை மட்டும் மெல்லப் படி இறங்கிப் போனபோது, அதை நான் டாக்டரிடம் கேட்டேவிட்டேன். இத்தனை வருஷம் கேட்காமல் இருந்ததே ஒரு பாரம். "மூணாம் மாசத்துக்குள்ள போறது பெரும்பாலும் கருவுலயே இருக்கற கோளாறு. நீங்க மாடி ஏறினதாலயும் இல்ல, வீடு மாறினதாலயும் இல்ல. அதைத் தூக்கிக்கிட்டு அலையாதீங்க, வேற எதையும்தான் தூக்காதீங்கன்னு சொல்லியிருக்கேன்" என்றார். சிரித்தேன், பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் வரும்போது அழுதேன். இவர் பயந்துபோய் இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

நான் கண்மூடித்தனமாக மாறவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஸ்கேலால் காட்டுவேன், இவர் சாமான்களைக் கட்டுவார். பரணைத் தட்டும்போது தூசி ஆகாது என்று பக்கத்து வீட்டு ஷரீபா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். "ஸ்கூல்ல லீவு போட்டாலும் டீச்சர் டீச்சர்தான்" என்கிறார் இவர். புது வீட்டுக் கதவுக்குப் பெயின்ட் வேண்டாம், சுவருக்கு வெறும் சுண்ணாம்பு போதும், அடித்தபின் ஜன்னல்களைத் திறந்தே போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆசிட் ஊற்றிக் கழுவுவதெல்லாம் நான் போவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். நகர்நல மையத்தில் நர்ஸ் லூர்துராணியிடம் சொல்லி, என் கர்ப்பப் பதிவை ஸ்ரீரங்கம் பக்கம் மாற்றச் சொல்லியிருக்கிறேன். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ஃபைல் எல்லாம் லாரியில் ஏறாது, என் மடியில்தான் வரும். ஒரு சொம்பைக்கூட நான் தூக்க மாட்டேன்.

ஒன்றை மட்டும் என்னால் ஏற்பாடு செய்ய முடியவில்லை. எல்லாப் பெண்களும் ஏழாம் மாதம் வளையல் போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவார்கள். வையம்பட்டி வீடு அம்மாவோடு போயிற்று, இப்போது சித்தப்பா அதில் உர மூட்டை அடுக்கியிருக்கிறார். ஊரில் இருக்கும் என் மாமியாரால் கட்டிலைவிட்டு எழ முடியாது. எனக்குப் போவதற்கு இடமில்லை. அதனால்தான் இருக்கிற இடத்தையாவது ஒழுங்குபடுத்திக்கொள்கிறேன்.

சாப்பாடு கொடுத்தனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வருகிறேன் என்று எழுதவில்லை. கவனித்தேன்.

அனு

•

கைலாசபுரம்,
3 பிப்ரவரி 2025

அன்புள்ள அனு,

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு தாள்களை வீணாக்கிவிட்டேன். நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை ஸ்ரீரங்கம் போனேன். உனக்கு அந்த வீடு கிடைக்காமல் தடுப்பதற்காகத்தான் போனேன்.

வீட்டுக்காரம்மா கோமளவல்லி மாமி தெற்குச் சித்திரை வீதியில் இருப்பதாக மாப்பிள்ளை முன்பு சொன்ன நினைவு. விசாரித்துக்கொண்டு போய்விட்டேன். ஆசாரமான குடும்பம், கர்ப்பிணி குடிவருகிறாள் என்று காதில் போட்டால் அவர்களே வேண்டாம் என்றுவிடுவார்கள் என்பது என் கணக்கு. "அந்த மேலூர் ரோட்டு வீட்டுக்கு வரப்போற பொண்ணுக்கு ஆறாம் மாசம் நடக்குதுங்க. ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

மாமி பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியுமே. அவளே முதல்ல அதைத்தான் சொன்னா. ஒளிச்சுண்டு வரலே. பொண்ணு கெட்டிக்காரி. தண்ணி எங்கேர்ந்து வரது, கொசுவலை இருக்கா, ஸ்நான அறை வழுக்குமான்னு கேட்டாளே ஒழிய, ஒரு தடவைகூட வாடகையைக் குறைங்கோன்னு கேக்கலே" என்றார். பிறகுதான் என்னைப் பார்த்தார். "நீங்கோ யாரு? பொறந்தாத்து மனுஷாளா?"

"ஆமாங்க. பொறந்த வீடுன்னு அவளுக்கு இருக்கறது நான் ஒருத்திதான்" என்றேன்.

சொன்ன பிறகு அங்கே இருக்க முடியவில்லை. அவர் காப்பி கலக்க உள்ளே போனதும் எழுந்து வந்துவிட்டேன். கொள்ளிடக் கரையில் போய் நின்றேன். போவதற்கு இடமில்லை என்று நீ எழுதியது கைப்பையில் இருந்தது. நான் இருக்கும்போது என் தங்கை அப்படி எழுதியிருக்கிறாள். அதைப் படித்த பிறகும் அவளுக்குக் கிடைத்த வீட்டைக் கெடுக்கப் பஸ் ஏறியிருக்கிறேன்.

நீ செய்திருக்கும் ஏற்பாடுகளை யோசித்தேன். நான் பயந்து உட்கார்ந்திருந்தேன். நீயும் பயந்துதான் இருந்திருப்பாய், ஆனால் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டே சுண்ணாம்பா பெயின்டா என்று யோசித்திருக்கிறாய். எனக்கு அந்தத் திராணி கிடையாது, அனு. சின்னவளாக இருந்தபோதும் நீ இப்படித்தான், கிணற்றை எட்டிப் பார்ப்பதற்கு முன் கயிற்றைப் பிடித்துக்கொள்வாய்.

ஒரு வழி தோன்றுகிறது. கர்ப்பிணி புது வீட்டுக்குக் குடிபோகக் கூடாது என்பார்கள். ஆனால் வளையல் போட்டு அம்மா வீட்டுக்குப் போவதை யாரும் தடுத்ததில்லை. அந்த வீட்டை நான் என் பேரில் எடுத்துக்கொள்கிறேன். தை முடிவதற்குள் நான் பால் காய்ச்சிக் குடிபோகிறேன். ஏழு பிறந்ததும் உனக்கு வளைகாப்பு போட்டு அழைத்துக்கொள்கிறேன். நீ வீடு மாறவில்லை, பிறந்த வீட்டுக்கு வருகிறாய். அம்மா இருந்தாலும் இதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது.

ராணி அக்கா

•

காந்தி மார்க்கெட்,
6 பிப்ரவரி 2025

அக்கா,

முதல் பாதியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மேசையில் வீசினேன். இவர் எடுத்து மீதியைப் படித்துக் காட்டினார். அதனால்தான் இந்தப் பதில்.

நீ போய்ச் சொன்னதை நினைத்தால் இன்னும் எரிகிறது. மாமி வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால் வீடு போயிருக்கும். தை முடிந்தால் மறுபடி சித்திரைதான் நல்ல மாதம் என்று யாரும் வீடு கொடுக்க மாட்டார்கள். அதுவரை நான் இந்த மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நீ சொன்ன வழிக்கு வருகிறேன். உன் பேரில் எடு. பாலும் நீயே காய்ச்சு. ஆனால் பேருக்கு மட்டும் என்றால் வேண்டாம். பாலைக் காய்ச்சிவிட்டுப் பூட்டிக்கொண்டு கைலாசபுரம் போய்விடுவாய், நான் வந்து பூட்டைத் திறப்பேன் என்றால் அது அம்மா வீடு இல்லை, வாடகை வீடுதான். சாமியை ஏமாற்றலாம், என்னை ஏமாற்ற முடியாது. நீ அங்கே இருக்க வேண்டும். படுக்கையோடு, மாத்திரையோடு, உன் சண்டையோடு. பிள்ளை பிறந்து நான் எழுந்து நடமாடும்வரை.

மாமாவுக்குச் சோறு யார் போடுவார்கள் என்று யோசிப்பாய். நியாயம்தான். உன் பையன் அறிவுமதியும் சென்னையில் படிக்கிறான், வீட்டில் அவர் தனியாகிவிடுவார். உன்னால் முடியாது என்றால் அதை எழுதிவிடு, எனக்கு வருத்தமில்லை. என் வழியில் மாறிக்கொள்கிறேன்.

வருத்தமில்லை என்று எழுதிவிட்டேன். அது பொய்.

அனு

•

மேலூர் ரோடு, ஸ்ரீரங்கம்,
17 பிப்ரவரி 2025

என் அனுவுக்கு,

முகவரியைப் பார்.

உன் கடிதத்தை மாமாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "பெட்டியை எடுத்து வை" என்றார். "ஒங்க சாப்பாடு?" "ரசம் வெக்கத் தெரியும் எனக்கு." "எங்க கத்துக்கிட்டீங்க?" "இத்தன வருஷம் குடிக்கறேனே." முதல் நாளே போன் வந்தது, புளியை எப்போது கரைப்பது என்று. இப்போது பரவாயில்லை. பாய்லர் பிளாண்டில் கூட வேலை பார்க்கும் ஸ்டீபன்ராஜுக்கும் அவரே சமைத்துக் கொடுக்கிறார். பாவம் ஸ்டீபன்ராஜ்.

தை முடிவதற்கு முன் திங்கட்கிழமை பால் காய்ச்சினேன். கிழக்குப் பக்கமாகவே பொங்கி வழிந்தது. எனக்கு அது போதும், நீ சிரித்துக்கொள். மாமி ஒரு தட்டில் மஞ்சளும் துளசியும் கொண்டுவந்து, "பொறந்தாம் ஆயாச்சு. இனிமே பொண்ணு வரவேண்டியதுதான்" என்றார்.

ஒரு வாரமாக இந்த வீட்டில் நீ நடப்பதுபோல நடந்து பார்க்கிறேன். வயிற்றில் தலையணை கட்டிக்கொண்டு குளியலறைக்குப் போனேன், கால் தெரியவில்லை, வழுக்கியது. ரப்பர் விரிப்பு போட்டு, சுவரில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி அடித்தாயிற்று. ஆணி அடிக்கிற வேலையெல்லாம் நீ வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது, அதிலும் குறையில்லை. படுக்கையறை நிலைப்படி உயரம். "எங்க மாமனார் வெச்ச நிலை, அறுக்கப்படாது" என்று மாமி சொல்லிவிட்டதால் இரண்டு பக்கமும் சரிவாகப் பலகை வைத்திருக்கிறேன். ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை. சுண்ணாம்பு வாசனை போய்விட்டது. உன் அறையில் நான் மூன்று ராத்திரி படுத்தும் தும்மவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வளையல்களோடு வருகிறேன். பேசாமலே வளையல் போட முடியாது என்பதால் அன்றைக்குப் பேசிவிடுகிறேன்.

ஒரே கவலை அந்தப் படிதான். எப்படி இறங்கப்போகிறாய்?

அக்கா

•

காந்தி மார்க்கெட்,
20 பிப்ரவரி 2025

அக்கா,

நீ தலையணை கட்டி நடந்ததை இவரிடம் படித்துக் காட்டினேன். இவரால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. நான் சிரிக்கவில்லை.

படிக்கு வழி செய்தாயிற்று. நான் இறங்கப்போவதில்லை, இறக்கப்படுவேன். கைப்பிடி வைத்த மர நாற்காலியில் உட்காரவைத்து, பிச்சமுத்துவும் அவருடைய ஆட்களும் தூக்கி இறக்குவார்கள். இதே படியில் காலமெல்லாம் மூட்டை ஏற்றி இறக்கியவர்கள். டாக்டரிடமும் போனில் கேட்டுவிட்டேன், நடந்து இறங்குவதைவிட இது மேல் என்றார். இவருக்கு மட்டும் கூச்சம். "மார்க்கெட்டே பாக்கும்" என்கிறார். பார்க்கட்டும். தேர்கூட மார்க்கெட் பார்க்கத்தானே போகிறது.

கலீமின் காரைச் சொல்லியிருக்கிறோம். பாலத்தில் மெதுவாகப் போகச் சொன்னேன். "தூளியில போற மாதிரி கொண்டு போறேன் சிஸ்டர், நீங்க தூங்கிட்டீங்கன்னாதான் கூலி வாங்குவேன்" என்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை வா. சீக்கிரமாக வா.

அனு

•

கைலாசபுரம்,
31 ஆகஸ்ட் 2025

என் அனுவுக்கு,

வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். மாமா ரசம் வைத்துக் காத்திருந்தார், நன்றாகவே இருந்தது. இத்தனை மாதம் ஒரே அறையில் படுத்திருந்த உனக்குக் கடிதம் எழுதுவது விநோதமாக இருக்கிறது. ஆனால் நேரில் இருந்தபோது சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது.

வளைகாப்பு அன்று நான் முன்னாலேயே இறங்கிவந்து தெருவில் நின்றேன். மூட்டைகளை ஒதுக்கி, படியின் வாசலில் யாரோ தண்ணீர் தெளித்துக் கோலம்கூடப் போட்டிருந்தார்கள். மார்க்கெட் முழுக்கச் சத்தம். பிச்சமுத்துவின் குரல் மேலேயிருந்து கேட்டது. "மெல்ல, மெல்ல. நான் முப்பது வருஷமா தூக்கறேன், மூச்சு விடற மூட்ட இப்பத்தான்." பிறகு திருப்பத்தில் உன் கால்கள் தெரிந்தன. பிறகு வளையல் கை. பிறகு நீ. மடியில் ஃபைல். நீ கண்ணை மூடியிருப்பாய் என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும், "பின்னால இருக்கறவங்க ஒசத்திப் பிடிங்க, தமிழ்மணி, ஒங்க கை நழுவுது" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். தூக்குகிறவர்களை நீதான் இறக்கிக்கொண்டு வந்ததுபோல இருந்தது.

நான் உன் அக்கா. உனக்குத் தலை பின்னிவிட்டிருக்கிறேன். அன்று தெருவில் நின்று, இவள் யார், இவ்வளவு தைரியம் யாரிடமிருந்து வந்தது என்று பார்த்தேன். அம்மாவிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. நீயே உண்டாக்கிக்கொண்டது. அடுத்த ஸ்கேனில் நஞ்சுக்கொடி மேலே ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது எல்லோரும் சாமி கும்பிட்டோம். நான் மனசுக்குள் உன்னையும் சேர்த்துத்தான் கும்பிட்டேன். குழந்தை பிறந்த அன்றும் அதையே செய்தேன்.

ஊர் வழக்கத்தில் மூன்றாம் மாதம் பெண்ணையும் பிள்ளையையும் அரிசிப் பையோடு புருஷன் வீட்டுக்கு அனுப்புவார்கள். நேற்று பிறந்த வீடுதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறியது. நீ வாசலில் பாப்பாவோடு நின்றாய். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன், பார்த்துவிட்டேன்.

இனி அது உங்கள் வீடு. மாமியிடம் சொல்லி, ஒப்பந்தத்தில் மாப்பிள்ளை பேரை எழுதிக்கொள்ளச் சொல்.

அக்கா

•

மேலூர் ரோடு, ஸ்ரீரங்கம்,
4 செப்டம்பர் 2025

அக்கா,

நீ ஆட்டோவில் போனபிறகு நான் எங்கே அழுதேன் என்று எழுத மாட்டேன். நீ அடித்த கம்பியைப் பிடித்துக்கொண்டுதான்.

மாமி நேற்று வந்திருந்தார். அவரே கேட்டார். "அக்கா ஊருக்குப் போயாச்சு. பேரை மாத்திடலாமா?"

"வேண்டாங்க. அக்கா பேர்லயே இருக்கட்டும்" என்றேன்.

"ஏன்?"

"நாளைக்கு இவர்கூடச் சண்டை வந்தா, கோவிச்சுக்கிட்டுப் போக ஒரு அம்மா வீடு வேணும்ல."

மாமி யோசித்தார். "அதுசரி. ஆனா நீதான் ஏற்கெனவே உள்ளே இருக்கியே. கோவிச்சுண்டு எங்கேடி போவே?"

"நான் எங்கயும் போக வேண்டாங்க. அவர்தான் போகணும்."

இவர் உள்ளே தூளியை ஆட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. "அப்ப இத்தன மாசமா நான் வீட்டோட மாப்பிள்ளையா? யாரும் சொல்லவே இல்லையே" என்றார். மாமி சிரித்த சிரிப்பில் பாப்பா விழித்துக்கொண்டாள். மறுபடி தூங்கவைக்க ஒரு மணி நேரம் ஆனது, பாடியதும் அவர்தான்.

ஆகவே பேர் மாறவில்லை. மாமாவை அழைத்துக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் வா, வருவதற்கு முன் சொல்லக்கூட வேண்டியதில்லை.

உன் வீட்டில் எல்லோரும் நலம்.

அனு